ஊர்ப் பாலர் கூடம்



யாம் இன்று பேசப் புகுந்தது ஊர்ப்புற அங்கன்வாடியைப் பற்றியேயாம். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இந்திய அரசினர் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டத்தின் விளைவே அது. ஆறு வயதிற்குட்பட்ட மழலைகட்கு உணவும், மூன்று வயது நிரம்பியோர்க்கு ஆட்டபாட்டங்களோடு கூடிய கல்வியும் ஆண்டுக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2019-இல் நம் மாநில அரசினர், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளையும் தொடங்கினர்.

ஆயினும், நம்மவருள் சிறிது வசதி படைத்தோர், ‘அங்கே சத்துமாவன்றிக் கல்வி யாதுளது?’ என்று கூறி, மழலைகளை வேனில் ஏற்றித் தொலைவூருக்கு அனுப்புகின்றனர். யாமும் எம் மூத்த மகனை அவ்வாறே அனுப்பினோம், அப்பிழையை மறைக்கோம். தட்டிக் கேட்க வல்லோர் விலகினால், எஞ்சுவது ஏழைத் தாயரே. அவர் சொல் அம்பலம் ஏறுவதில்லை, கூடம் தளர்கின்றது. அத்தளர்ச்சியைக் காட்டி மேலும் சிலர் விலகுகின்றனர்.

ஆதலின், எம் இளைய மகளை ஊர்க் கூடத்திலேயே சேர்த்துள்ளோம். அன்பர்களே, நீங்களும் சேர்மின்! திங்கள்தோறும் சென்று, கதையும் பாட்டும் நிகழ்கின்றனவா, விளையாட்டுப் பொருள்கள் பெட்டியிற் பூட்டிக் கிடக்கின்றனவா என்று பார்மின்! பதிவேடுகளின் சுமையால் வாடும் பணியாளர்க்குத் துணை நின்மின்! அங்கே எல்லாக் குலத்துக் குழந்தைகளும் ஒரே பாயில் அமர்கின்றனர். நம் சங்கத்தின் அக்கறை நம் பிள்ளைகளோடு நின்றுவிடலாகாது.