பூமிக்கடியில் உள்ள ஜலம் யாருக்குச் சொந்தம்?

(தில்லியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

புள்ளிவிவரம் அதிகம் வேண்டாம் என்று செயலாளர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு பழகியவனுக்கு அது கொஞ்சம் கஷ்டமான நிபந்தனைதான்.

நம் தேசத்தில் நீர்க் கொள்கைக்குப் பஞ்சமில்லை. 1987, 2002, 2012 என மூன்று தேசியக் கொள்கைகள் வந்தன. பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள 2008-இல் அறிவித்த செயல்திட்டத்திலும் நீருக்கென்று தனி இயக்கமே உண்டு. ஆனால் தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். ஆகவே மத்திய அரசின் கொள்கை வெறும் யோசனையாகவே நின்றுவிடுகிறது.

2012 கொள்கையில் ஒரு முக்கியமான கருத்து இருக்கிறது. நிலத்துக்கு உரியவருக்கே அடியில் உள்ள நீரும் சொந்தம் என்ற எண்ணத்துக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதைத் திருத்தி, நிலத்தடி நீரைச் சமுதாயத்தின் பொதுச் சொத்தாக நிர்வகிக்க வேண்டும் என்கிறது. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்துச் சட்டம் அது! சப்மெர்சிபிள் பம்பு வந்த பிறகும் அதுவேதான் நடப்பில் இருக்கிறது.

இப்போது ஏன் அவசரம்? வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. மண் நிதானமாகத்தான் குடிக்கும், மிச்சம் ஓடிப்போய்விடும். மழை பொய்க்கும் மாதங்களில் கைகொடுக்க வேண்டிய சேமிப்பு பூமிக்கடியில்தான் இருக்கிறது. அதையோ நாம் முன்னதாகவே செலவழித்துவிடுகிறோம்.

பஞ்சாபில் ஆண்டுதோறும் ஊறுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இறைக்கிறார்கள். நெல்லுக்கு உறுதியான கொள்முதல், பம்புக்கு இலவச மின்சாரம். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2009-இல் அங்கே ஒரு சட்டம் போட்டு, ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது என்றார்கள். கோடையில் ஆவியாகிப் போகும் நீர் மிச்சமாயிற்று. ஆனால் அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைக்க அவகாசம் குறைந்து, வைக்கோலைக் காற்று ஓய்ந்த நாட்களில் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை நம் மூக்குக்கே வருகிறது! நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாற வழி செய்யாமல் தேதியை மட்டும் மாற்றியதன் பலன் இது.

பிறரைச் சொன்னேன்; என்னையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் நான் பொருளாளராக இருந்தபோது போர்வெல் வற்றியது. இன்னும் ஆழமாகப் போட நானே கையெழுத்திட்டேன். அடுத்த கோடையில், சுவருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் கைப்பம்பு வறண்டது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் அந்த ஊர்தான். "உங்கள் மோட்டார் ராத்திரியெல்லாம் ஓடுகிறதே, பாபுஜி" என்று மட்டும் சொன்னாள். 1882 சட்டப்படி எங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்று முதல் எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து தினமும் இரண்டு வாளி அவள் எடுத்துப் போகிறாள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் குடியிருப்பின் போர்வெல் இன்று எத்தனை அடி, பத்து வருஷத்துக்கு முன் எத்தனை அடி என்று குறித்துக்கொண்டு வாருங்கள். மற்ற ஊர்க் கிளைகளும் அனுப்பினால் பட்டியல் போடும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். செயலாளர் மன்னிப்பாராக.