மானியமும் மக்கள் பங்கும்

(பீர்க்கன்கரணையில் பொதுச் சமையற்கூடம் ஒன்றைத் தொடங்க விரும்பிக் கூடிய மகளிர் குழுவினரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



தனித்து வாழும் முதியோருக்கும், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கும் நாள்தோறும் ஒரு வேளை உணவளிக்க நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அதற்கு மானியம் பெறும் வழியைக் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுமுன், மானியம் என்பது யாது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். மானியம் கேட்டவுடன் கிடைக்கும் கொடை அன்று. நாம் மேற்கொண்ட பணிக்குப் பிறர் தரும் துணைப் பங்கே மானியம். நம் பங்கு இல்லாத இடத்தில் துணைப் பங்கு நிலைப்பதில்லை.

நம் மாநில வரலாறே இதற்குச் சான்று பகரும். காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு பள்ளிகளில் பகல் உணவு இயக்கம் பரவிற்று. அதன் முதல் மூலதனம் ஊராரின் நன்கொடையே. ஊர்தோறும் குழு அமைத்து அரிசியும் காய்கறியும் விறகும் திரட்டினர். மக்கள் முன்வந்ததைக் கண்ட அரசாங்கம் 1957இல் மானியம் அளிக்க முற்பட்டது. ஒரு குழந்தையின் ஒரு வேளை உணவுக்கு 10 காசு எனக் கணக்கிட்டு, 6 காசை அரசாங்கமும் 4 காசை ஊராரும் ஏற்றனர். அந்த நான்கு காசு சிறிய தொகைதான். ஆயினும் சமையலறையைத் தம்முடையதாக ஊரார் கருதியதற்கு அதுவே காரணம். 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டத்திற்கும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திற்கும் முன்னோடியாக நின்றவை அந்த ஊர்க் குழுக்களே.

இதற்கும் முற்பட்ட ஒரு நிகழ்ச்சி நமக்கு எச்சரிக்கையாக அமைகிறது. 1920இல் பி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. செலவு பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவிற்கு மேற்படவில்லை. வேறு பள்ளிகளுக்கும் இது பரவிற்று. மாணவர் தொகையும் உயர்ந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாகாது என அரசாங்கம் தடுத்தமையால், 1925இல் உணவு நின்றது. 1927இல்தான் மீண்டும் தொடங்கிற்று. திட்டத்தில் குறை ஏதுமில்லை; பணம் வந்த தலைப்பே பொருந்தாமற் போயிற்று. இடைப்பட்ட காலத்தில் பசியோடிருந்தவர்கள் அப்பிள்ளைகளே. ஆகையால், எந்த நிதியில் எதற்குச் செலவிடலாம் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

இனி விண்ணப்பத்திற்கு வருவோம். முதற்கண் வேண்டுவது கணக்கு. உதாரணமாக, 60 பேருக்கு மாதம் 25 நாள், ஒரு வேளைக்கு 40 ரூபாய் வீதம் உணவளிப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 2,400 ரூபாய், மாதத்திற்கு 60,000 ரூபாய், ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் ஆகும். பழைய ஆறு-நான்கு முறைப்படி பகிர்ந்தால், நம் பங்கு 2,88,000 ரூபாய். கேட்க வேண்டிய மானியம் 4,32,000 ரூபாய். நம் பங்கு முழுவதும் ரொக்கமாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. இடம், பாத்திரம், காய்கறி, உங்கள் உழைப்பு ஆகியவற்றையும் நியாயமான விலையிட்டு எழுதிக் காட்டலாம். எதனை ஏற்பார்கள் என்பதை மட்டும் முன்னரே கேட்டறிக. 40 ரூபாயில் எரிவாயுவும் சமையற்காரர் ஊதியமும் அடங்கினவா என்பதையும் சரிபாருங்கள். விடுபட்ட செலவு பின்னர் குழந்தையின் தட்டில்தான் குறையும்.

இரண்டாவது, அமைப்பு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ்ச் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி, இருவர் கையொப்பமிட்டே பணம் எடுக்கும்படி ஏற்பாடு செய்க. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006இன்கீழுள்ள பதிவையும் மறவாதீர். விலைக்கு விற்பவர்க்கே அது வேண்டும், நமக்கு வேண்டாம் என்று எண்ணலாகாது.

மூன்றாவது, தட்ட வேண்டிய கதவு. பீர்க்கன்கரணைப் பேரூராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தமையால், உள்ளாட்சி உதவிக்கு அங்குதான் செல்லுதல் வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தருதல் முறை. அது கட்டடம் போன்ற நிலையான பணிகளுக்குரியது. அரிசி பருப்பு வாங்க அதனை நாடிப் பயனில்லை. அன்றாட உணவுக்குத் தொழில் நிறுவனங்களை அணுகலாம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடத்தக்க பணிகளுள் பசி ஒழிப்பை முதலிலேயே வைத்துள்ளது. ஆனால் அப்பணத்தை நேரே பெறப் புதிய சங்கத்தால் இயலாது. மூன்றாண்டுப் பணி அனுபவமும் வேறு பதிவுகளும் கேட்பார்கள். அதுவரை தகுதி வாய்ந்த அறக்கட்டளை ஒன்றோடு கூடிச் செயல்படுவதே அறிவுடைமை. ஊறுகாய், மாவு, தின்பண்டம் செய்து விற்க எண்ணும் குழுக்களின் வழி வேறு. 2020இல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுத் தொழில் திட்டம், கடனோடு இணைந்து 35 விழுக்காடு மானியத்தை 10 இலட்சம் ரூபாய் வரம்புக்குட்பட்டு அறிவித்தது. இதனையும் அறப்பணியையும் ஒரே விண்ணப்பத்தில் கலவாதீர்.

பணம் வந்தபின் கடமை இன்னும் மிகுதி. நாள்தோறும் உண்டோர் எண்ணிக்கையையும், வாங்கிய பொருளுக்கான பற்றுச்சீட்டையும் தவறாது எழுதி வையுங்கள். ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் உரிய காலத்தில் செல்லாவிடில் அடுத்த தவணை வாராது. கணக்கை மாதந்தோறும் சமையற்கூடத்தின் வாயிலில் எழுதி ஒட்டுங்கள். உண்ண வருபவரும் அதைப் படிக்கட்டும்.

இறுதியாக ஒன்று. மானியம் பன்னிரண்டு மாதத்திற்குக் கிடைக்கலாம். பதின்மூன்றாம் மாதத்திலும் பசி எடுக்கும். ஓராண்டு உங்கள் உணவை நம்பிப் பழகிய முதியவர், அடுத்த நாள் வந்து பூட்டிய கதவைக் காண்பாரேயாகில், தொடங்காதிருந்ததைவிட அது பெருந்தீங்கு. ஆகவே 60 பேருக்கு இயலாதெனில் 20 பேருக்குத் தொடங்குங்கள். மானியம் வருமுன் மூன்று மாதம் உங்கள் பங்கைக் கொண்டே நடத்திக் காட்டுங்கள். அந்த மூன்று மாதக் கணக்கேட்டை முதற்பக்கமாக வைத்து அனுப்பும் விண்ணப்பத்திற்கு வேறு சிபாரிசு தேவைப்படாது.