மாத்திரை வீட்டில், மணி கம்பெனியில்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "இதய நோயாளிகளுக்கு உதவும் செல்போன் ஆப்கள்". நான் நர்ஸும் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவளும் இல்லை. பன்னிரண்டு வருஷமா குழுவில் கணக்கு நோட்டு எழுதுகிறவள். எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்து, அந்த வருஷம் முழுக்க நான் பட்ட பாடு குழுவில் எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நடந்ததையே சொல்கிறேன்.

அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். 2023 தொடக்கத்தில் ஒரு ராத்திரி நெஞ்சு அடைக்குதுன்னார். வாய்வுன்னு நினைத்து ஓமவாட்டர் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் அதிலேயே போச்சு. அப்புறம்தான் 108. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு அலையவில்லை. ஆஞ்சியோ பண்ணி, ஒரு ஸ்டென்ட் வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு பையன் வந்து, "ஸ்மார்ட்போன் யார்கிட்ட இருக்கு?"ன்னு கேட்டு, என் மகன் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தான். மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்குமாம், பிரஷர் எழுதி வைக்கலாமாம். எல்லாம் இங்கிலீஷ். மகனுக்குப் புரிந்தது. ஆனால் மகன் வேலைக்குப் போவது ஒரகடத்தில், ஷிப்ட் வேலை. போனும் அவனோடு போய்விடும். கம்பெனிக்குள் போனை லாக்கரில் வைக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரைக்கான மணி ஒரகடத்தில் ஒரு இரும்பு லாக்கருக்குள் அடிக்கும், மாத்திரை முடிச்சூரில் அலமாரியில் இருக்கும். நாற்பது நாள் இப்படி ஓடியது. இப்போ நீங்க சிரிக்கிற மாதிரி அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், அந்த நாற்பது நாளில் அவர் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். அட்டை தீர்ந்தது, "இப்பதான் நல்லா இருக்கேனே, எதுக்கு வீண் செலவு"ன்னு வாங்கவில்லை. எனக்கும் சொல்லவில்லை. காலி அட்டைகளை எண்ணிப் பார்த்தபோதுதான் கணக்கு உதைத்தது. பன்னிரண்டு வருஷம் கணக்கு நோட்டு எழுதியது அன்றைக்குப் பயன்பட்டது. அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் கேட்டார், "ஏம்மா, இதை யாரு நிறுத்தச் சொன்னது?"

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் விரித்து வைத்த கம்பி வலை. அந்தக் கம்பியின் மேல் உள்தோல் வளர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் வலையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் காப்பதுதான் ஆஸ்பிரினும் குளோபிடோகிரல் போன்ற இன்னொரு மாத்திரையும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பெரும்பாலும் ஒரு வருஷம் வரை கொடுப்பார்கள். எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்ல வேண்டும். உடம்பு நல்லா இருக்குன்னு நாமே நிறுத்தினால், திடீரென அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். "வலி இல்லை, அதனால் மாத்திரை வேண்டாம்"னு எங்க வீட்டுக்காரர் நினைத்தது அவர் ஒருத்தர் தப்பு இல்லை, நம்ம வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம்.

அன்று சாயந்திரம் என்னுடைய சின்ன போனையே எடுத்தேன். ஆப் எதுவும் ஏற்றவில்லை. போனில் ஏற்கெனவே இருக்கும் அலாரத்தில் காலை எட்டு, ராத்திரி எட்டு வைத்து, "ரத்தம் உறையாத மாத்திரை"ன்னு தமிழில் பேர் எழுதினேன். மணி அடித்ததும் மாத்திரையை அவர் கையில் கொடுத்து, விழுங்குகிறவரை நிற்பேன். "என்ன, ஜெயில் வார்டன் மாதிரி நிக்கிற"ம்பார். நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அட்டைகளை வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுத்து நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். எத்தனை மாத்திரை மிச்சம் என்று அவளும் எண்ணுவாள். அண்ணனை மிரட்ட அவளுக்கு என்னைவிட உரிமை அதிகம்.

இந்தப் பேச்சுக்காகக் கொஞ்சம் படித்தேன், என் மகளும் உதவினாள். ஆஸ்திரேலியாவில் சிட்னியில் 710 இதய நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு, 2015இல் வெளியானது. பாதிப் பேருக்கு வாரம் நாலு எஸ்.எம்.எஸ்., ஆறு மாசம். ஆப் கூட இல்லை, சாதாரண எஸ்.எம்.எஸ். பிரஷரும் கொலஸ்ட்ராலும் குறைந்தன. செய்தி போனவர்களில் 26 சதவீதம் பேர்தான் ஆறு மாதம் கழித்தும் புகை பிடித்தார்கள், செய்தி போகாதவர்களில் 43 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் பின்னால் அதே நாட்டில் 18 ஆஸ்பத்திரிகளில் 1424 பேரை வைத்து இன்னும் பெரிதாகச் செய்தபோது, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில் வித்தியாசம் வரவில்லை.

நம்ம நாட்டிலேயே ஒன்று நடந்திருக்கிறது. 14 ஆஸ்பத்திரிகள், மாரடைப்பு போன்ற நோய் வந்து திரும்பிய 806 பேர். பாதிப் பேரோடு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஆஸ்பத்திரியிலும் பிறகு வீட்டுக்குப் போயும் பேசினார்கள். ஒரு வருஷம் கழித்து அவர்களில் 97 சதவீதம் பேர் மாத்திரையை விடாமல் போட்டார்கள், மற்றவர்களில் 92. பிரஷரும் குறைந்திருந்தது. 2016இல் இதன் முடிவு வெளியானது. ஐந்து சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க. நூறு வீட்டில் ஐந்து வீடு.

வீட்டுக்கு வந்து பேசும் அந்தப் பணியாளர் நமக்குப் புதுசு இல்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து, வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்து, போனில் பதிவு செய்கிற தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து போனவர்கள். எங்க தெருவுக்கு வருகிற பெண், "அண்ணா, இந்த மாசம் சிகரெட் எத்தனை?"ன்னு நேராகக் கேட்பாள். எந்த ஆப்புக்கும் அந்தத் தைரியம் இல்லை.

அதற்காக ஆப்பே வேண்டாம்னு சொல்ல வரவில்லை. எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி. அவள் மாமியாருக்கு இதயம் பம்ப் பண்ணும் பலம் குறைவு. தினமும் காலையில் பாத்ரூம் போய் வந்ததும், சாப்பிடும் முன் எடை பார்த்து போனில் போடச் சொல்லியிருந்தார்கள். ஒருமுறை மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியது. அத்தை "பொங்கல் சாப்பிட்டேன், அதான்"னு சொல்லிவிட்டார். ஆனால் போனில் கோடு மேலே போவதைப் பார்த்து மருமகள் விடவில்லை. ஆஸ்பத்திரியில், உடம்பில் நீர் கோர்க்க ஆரம்பித்திருக்கு என்று மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் விட்டிருந்தால் மூச்சுத் திணறலோடு ஐ.சி.யூ.தான். அந்த ஆப் நல்ல ஆப். ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்தது அவள்தான்.

ஒரு எச்சரிக்கை. விரலை போன் கேமராவில் வைத்தால் பிரஷர் சொல்கிறோம் என்கிற ஆப்களை நம்பாதீங்க. அமெரிக்காவில் அப்படி ஒரு ஆப்பைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். பிரஷர் அதிகமாக இருந்தவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல், அதிகம் இல்லை என்றே அது காட்டியது. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற மெஷின்தான் மெஷின். அதுவும் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு, பேசாமல். எங்க வீட்டில் அந்தப் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். முடிச்சூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழ் வீட்டில் தண்ணி, மாடி வீட்டில் நாங்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை, இரண்டாம் நாள் போன் செத்துப் போச்சு. அலாரமும் போச்சு, போனில் எடுத்து வைத்த டிஸ்சார்ஜ் சீட்டு போட்டோவும் போச்சு. ஆனால் அந்தச் சீட்டின் ஜெராக்ஸ் குழு பாஸ்புக்கோடு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. மாத்திரை நாலு நாளைக்குத்தான் இருந்தது. தண்ணி வடிந்து மருத்துவ முகாம் போட்டபோது அந்த ஜெராக்ஸைக் காட்டித்தான் மாத்திரை வாங்கினேன். இப்போ பத்து நாள் மாத்திரை எப்பவும் கூடுதலாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்காரருக்கு நான் அலாரம் வைத்தேன். எனக்கு வந்தால் யார் வைப்பார்கள்? நம்மில் நிறையப் பேருக்கு நெஞ்சு வலியாக வராமல் மூச்சு வாங்குவது, தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி என்று வரலாம். நாமும் "வேலை ஜாஸ்தி"ன்னு படுத்து எழுந்துவிடுவோம். போன் வீட்டில் ஆம்பளைங்க கையிலோ பிள்ளைங்க கையிலோ இருக்கு. அதனால் கூட்டமைப்பிடம் நான் கேட்டது இரண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிரஷர் மெஷின். மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும், வீட்டில் இதய நோயாளி இருக்கிறவர்கள் மாத்திரை இருப்பைச் சொல்ல ஐந்து நிமிஷம். மெஷினுக்குத் தீர்மானம் போடுவதாகத் தலைவி அக்கா சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிஷத்துக்குத் தீர்மானம் தேவையில்லை, அடுத்த கூட்டத்திலேயே ஆரம்பிக்கலாம்.

சாப்பாட்டுக்குப் போகும் முன், வாசல் பக்கம் மேஜையில் என் மகளும் அவள் தோழியும் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் சொந்த போனைக் கொண்டு வாருங்கள், தமிழில் பேர் போட்டு அலாரம் வைத்துக் கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கொண்டு வந்தவர்களுக்குப் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துத் தருவோம், காசு குழு பார்த்துக்கொள்ளும்.