ஐந்தாண்டு மீர், பதினைந்தாண்டு ஓடிய கதை



1986-இல் சோவியத் யூனியன் ஏவிய மீர் விண்வெளி நிலையத்துக்கு ஆயுள் ஐந்தாண்டு என்றுதான் கணக்கு. பதினைந்து ஆண்டு ஓடியது. ஏவிய நாடே நடுவில் இல்லாமல் போச்சு!

1997 ஜூனில் சரக்குக் கலம் மோதி, ஸ்பெக்டர் பகுதியில் ஓட்டை. காற்று கசிகிறது. கதவைச் சாத்தலாமென்றால் வாசல் வழியே கேபிள்கள்! கழற்றினார்கள், கழற்ற முடியாததை அறுத்தார்கள், அடைத்தார்கள். மின்சாரம் பெருமளவு போனது, மூவரும் பிழைத்தார்கள். தம்பிகளா, வயர் இழுக்கும்போது கதவை மறந்துடாதீங்க.

2001 மார்ச் 23-இல் மீரைப் பசிபிக் கடலில் இறக்கினார்கள். காசில்லாமல் கைகழுவினார்கள் என்பார்கள், பாதி உண்மை. கட்டுப்பாடு கையிலிருக்கும்போதே இறக்கியது சரி என்பேன். 1979-இல் ஸ்கைலாப் ஆஸ்திரேலியாவில் சிதறிய மாதிரி விடவில்லையே! மீர்-2-க்கென்று கட்டிய கூடுதான் 2000-இல் ஸ்வெஸ்டா என்ற பெயரில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் போய்ச் சேர்ந்தது.