கொரியாவில் ஓடிய ஒரு ரயில்

(சித்தூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் மாமா, இருபது நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். பேச விஷயம் கொடுத்தவள் என் பேத்தி. திருப்பதியில் காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். போன மாதம் என்.சி.சி. ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வந்து, "கையெழுத்துப் போடு தாத்தா" என்று நின்றாள். அவள் அம்மா, அதாவது என் பெண், சமையலறையிலிருந்தே கேட்டாள்: "வெயிலில் நின்று லெஃப்ட் ரைட் போட்டால் என்னடி கிடைக்கப் போகிறது?"

நியாயமான கேள்விதான். இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். 1962 சீன யுத்தத்துக்குப் பிறகு, 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள். நான் பி.எஸ்ஸி. சேர்ந்தபோது அந்தக் கட்டாயம் இருந்தது, 1968-ல்தான் விலக்கினார்கள். கஞ்சி போட்ட காக்கி நிக்கர், பித்தளை பக்கிளுக்குப் பாலிஷ், 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று ஹிந்தியில் அதட்டும் ஹவில்தார். பௌதிகம் படிக்கிற பையனுக்கு, ஒரே அசைவை நூறு தடவை செய்வதில் என்ன அறிவு இருக்கிறது என்று தோன்றும். அதற்குப் பதில் எனக்குப் பல வருஷம் கழித்து, ரொம்பத் தூரத்திலிருந்து கிடைத்தது. கொரியாவிலிருந்து.

1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம் நம் சித்தூர்தான். அந்த ஆற்காட்டைத் தம் பெயரிலேயே வைத்திருந்தவர் லெஃப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ராணுவ டாக்டர். 1941-ல் இந்தியாவில் பாராசூட் படை ஆரம்பித்தபோது, விமானத்திலிருந்து குதித்த முதல் இந்தியர்கள் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங், மற்றவர் இந்த ரங்கராஜ். அடிபட்டவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் டாக்டரும் இருக்க வேண்டும் என்றால், பாராசூட் படையின் டாக்டர் குதித்துத்தான் ஆக வேண்டும்.

1950 ஜூனில் கொரிய யுத்தம் மூண்டது. ஐ.நா. சபை உதவி கேட்டபோது, இந்தியா சண்டை போட ஆள் அனுப்பவில்லை. வைத்தியம் பார்க்க ஒரு பிரிவை அனுப்பியது. 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்று பெயர். தலைமை ரங்கராஜ். நவம்பர் 20-ம் தேதி பூசான் துறைமுகத்தில் இறங்கி, வடக்கே பியோங்யாங் நகரம் வரை போனார்கள். அதற்குள் சீனப் படைகள் பெருவாரியாக இறங்கிவிட்டன. எல்லோரும் பின்வாங்க வேண்டும் என்று உத்தரவு. ஆட்களை ஏற்றிப் போகலாம். மருந்து, அறுவை சிகிச்சைக் கருவிகள், கூடாரங்களை ஏற்ற வண்டி கிடையாது. விட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

ரங்கராஜ் சம்மதிக்கவில்லை. கருவி இல்லாத டாக்டர் யாருக்கு என்ன செய்ய முடியும்? போட்டுவிட்டுப் போனால் பிரிவு என்பது பெயரளவில்தான் இருக்கும். ரயில்வே யார்டில் தேடி ஒரு பழைய நீராவி இன்ஜினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். பிரிவில் இன்ஜின் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி பாய்லரை நிரப்பினார்கள். சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி, பாலங்கள் தகர்க்கப்படுவதற்கு முன்னால் ஆற்றைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1977 நவம்பர் 19-ம் தேதி கிருஷ்ணா மாவட்டத்தில் திவிசீமையைப் புயல் அடித்தது. கடல் ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோர் போய்விட்டார்கள். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. நிவாரண வேலைக்கு என்னையும் அனுப்பினார்கள். ஒரு சிறிய குழுவுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு லாரியில் பிளீச்சிங் பவுடர் மூட்டை, மருந்துப் பெட்டி. வழியில் மரங்கள் விழுந்து சாலை அடைபட்டிருந்தது. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று, சாமானை ஒரு பள்ளிக்கூடத்துத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, ஆட்களை மட்டும் அழைத்துக்கொண்டு நடந்தேன். 'குழு வந்து சேர்ந்தது' என்று ரிப்போர்ட் எழுதினேன். அது உண்மை. ஆனால் கிணறுகள் நாறிக்கிடந்த ஊரில் கையில் பவுடர் இல்லாமல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். குளோரின் தண்ணீரில் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கிழவருக்குப் பிரமாதமாக விளக்கினேன். அவர் கேட்டார், "அய்யா, அது எங்கே?"

உத்தரவை மீறியதாக என்னை யாரும் குறை சொல்லவில்லை. மரம் வெட்ட ஊரில் கோடாலி இருந்தது, கேட்க எனக்குத் தோன்றவில்லை. மூட்டையைக் கைமாற்றிக் கொண்டுபோக என்னிடம் பதினோரு பேர் இருந்தார்கள், அவர்களை வரிசையில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் வரிசையில் நின்று பழகியவன் நான்! ஹவில்தார் எதற்காக எங்களை நிறுத்தினார் என்பது அன்றைக்குப் புரியவில்லை. பயமும் களைப்பும் வரும்போது மூளை நின்றுவிடும். பழகிய கை கால்தான் வேலை செய்யும். அந்த வாளி வரிசைக்கு அங்கே யாரும் புதிதாகப் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள்.

இனி சடங்குகளைப் பற்றி. அணிவகுப்பு, பதக்கம், பாண்டு வாத்தியம் எல்லாம் வெறும் ஆடம்பரம் என்று சிலர் நினைக்கிறார்கள். பாராசூட் வீரர் மார்பில் அணியும் சிறகுச் சின்னத்தைப் பாருங்கள். ஆக்ராவில் உள்ள பயிற்சிப் பள்ளியில் ஐந்து தடவை குதிக்க வேண்டும். அதில் ஒன்று இரவில். அதற்குப் பிறகுதான் சிறகு. ஜெனரல் ஆனாலும், டாக்டர் ஆனாலும், சமையல்காரர் ஆனாலும் கணக்கு ஒன்றுதான். அதனால்தான் குத்தும்போது அதற்கு மதிப்பு. 1951 மார்ச் 23-ம் தேதி கொரியாவில் முன்சான் என்ற இடத்தில் அமெரிக்க பாராசூட் படை குதித்தபோது, கூடவே ஒரு சிறிய இந்திய மருத்துவக் குழுவும் குதித்தது. ஜூனியர்களை அனுப்பிவிட்டு ரங்கராஜ் கீழே இருந்திருக்கலாம். அவரும் குதித்தார். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. 1955-ல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் கோப்பை வழங்கியது பிரிவு முழுவதற்கும். வாளி தூக்கியவருக்கும் அதில் பங்கு உண்டு.

தலைமைக்கு இன்னொரு உதாரணமும் அதே கொரியாவில்தான். 1953-ல் போர் நின்ற பிறகு, சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளைக் காவல் காக்க இந்தியப் படை ஒன்று போயிற்று. மேஜர் ஜெனரல் தோரட் தலைமை. தென்கொரிய அரசு தன் மண்ணில் இந்தியர் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி எல்லைப் பகுதியில் இறக்கினார்கள். அந்தச் செப்டம்பரில் கைதிகள் ஓர் இந்திய மேஜரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சுட்டிருந்தால் இருபுறமும் பிணம் விழுந்திருக்கும். தோரட் ஆயுதமில்லாமல் உள்ளே போனார், பேசினார், மேஜரை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். கடைசியில் எந்தப் பக்கமும் போக விரும்பாத 88 கைதிகள் 1954 பிப்ரவரியில் அந்தப் படையோடு கப்பலேறி நம் மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். அதே 60-வது பாராசூட் பிரிவு 2023 பிப்ரவரியில் துருக்கி பூகம்பத்தில் இஸ்கெந்தெருன் என்ற ஊரில் ஆஸ்பத்திரி போட்டது. 2025 மார்ச் மாதக் கடைசியில் மியான்மர் பூகம்பத்துக்கு ஆக்ராவிலிருந்து 118 பேர் மாண்டலே போனார்கள். அவர்கள் கருவிகளோடு போனார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் குடும்பங்களில் பிள்ளைகளை எதற்குப் படிக்க வைக்கிறோம்? நல்ல வேலை, நல்ல சம்பளம், முடிந்தால் வெளிநாடு. அதில் தவறில்லை. நானும் அப்படித்தான் வளர்த்தேன். ஆனால் ஓர் ஆபத்து வரும்போது எல்லாம் தெரிந்தும் கை ஓடாத புத்திசாலிகளாக நின்றுவிடுகிறோம். 2021 நவம்பரில் திருப்பதியில் வெள்ளம் வந்தபோது, நம் தெருவிலேயே எத்தனை பேருக்கு மோட்டாரைப் பாதுகாப்பாக நிறுத்தத் தெரிந்திருந்தது? வயதானவர்களை மாடிக்குத் தூக்க எத்தனை பேர் வரிசையில் நின்றோம்? ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் முதலுதவிக்கு ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் யாரும் இருக்க மாட்டோம். முதல் ஆளாக நான் வருகிறேன்.

பேத்தியின் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, தலையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு போகட்டும்" என்றாள். அனுமதி கிடைத்தது என்று அர்த்தம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.