இளையோர் பொழுதுபோக்கும் தோட்டக் குடும்பமும்

(புக்கிட் பெலண்டோக் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து, மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய களைப்போடு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே உங்களை நெடுநேரம் இருத்திவைக்க நாம் எண்ணவில்லை. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. குறிப்பாகச் சொன்னால், புகைப்படம் எடுத்தல், ரொட்டி கேக் சுடுதல், குடும்பத்தோடு பயணம் போதல் ஆகிய மூன்றுமாகும்.

இப்பொருளை நமக்கு எடுத்துக் கொடுத்தவர் இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஒருவர். அவருடைய மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். "ஐயா, கைப்பேசியை எடுத்துக்கொண்டு கண்டதையெல்லாம் படம் பிடிக்கிறாள். விடுமுறை வந்தால் மாவும் முட்டையும் வாங்கிக் கேக் சுடுகிறாள். மாதம் ஒரு முறையாவது எங்காவது கூட்டிப் போங்கள் என்று நச்சரிக்கிறாள். எஸ்.பி.எம். தேர்வு நெருங்குகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று குறைப்பட்டுக்கொண்டார். வரவுக்கும் செலவுக்கும் இடையே நாள்தோறும் போராடும் ஒரு தந்தையின் நியாயமான கேள்வி அது. அதற்கு விடை கூறுவது நம் கடமை.

முதலில் புகைப்படக் கலையை எடுத்துக்கொள்வோம். 1839 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் டாகேர் என்பவர் கண்ட படம்பிடிக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே 1839 ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் விறைக்காமலும் உறுதிபெறும் என்று கண்டார். நாம் பிழைக்கும் தொழிலும், நம் பிள்ளைகள் விரும்பும் கலையும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

படம் எடுப்பதற்கு விலையுயர்ந்த கருவியைவிடப் பார்வையும் பொறுமையுமே முதன்மையானவை. தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912-1996) சென்னையில் வாழ்ந்தவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்துப் புகழ்பெற்றவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தமக்கென ஒரு படக்கருவியை அவரே அமைத்துக்கொண்டார். கண்டதைப் படமெடுத்ததோடு நில்லாமல், 1950 முதல் தம் இறுதிக் காலம் வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதியும் வந்தார். இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. உற்றுப் பார்ப்பதும் அதைக் குறித்து வைப்பதும் அவரை உயர்த்தின.

உற்றுப் பார்ப்பது தோட்டத்தாருக்குப் புதியதா? பட்டையின் ஆழம் அறிந்து, மரத்தின் உயிர்ப்பகுதி புண்படாமல், உளியை இழுக்கும் கை நம்முடையது. குளிர்ந்த வேளையில் பால் நன்கு வடியும் என்பதனால் விடியலில் வேலைக்குப் போகிறோம். அந்த விடியலின் சாய்ந்த வெளிச்சமே படத்திற்கும் சிறந்த வெளிச்சம். தாய் தந்தையர் காணும் அதே வெளிச்சத்தைத்தான் பிள்ளையும் தேடுகிறது.

அந்தத் தந்தையிடம் நாம் ஒன்று கேட்டோம். "உங்கள் தாயாரின் படம் வீட்டில் இருக்கிறதா?" அவர் சற்று நேரம் யோசித்தார். "அடையாள அட்டையில் இருந்த படம்தான் உண்டு" என்றார். முப்பது ஆண்டுகள் பால்வெட்டிய அம்மையார் ஒருவரின் முகம், அரசாங்க அட்டைக்காக ஒருமுறை எடுத்த சிறு படத்தில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. உளி பிடித்த கையோ, தலையில் கட்டிய துணியோ, லயன் வீட்டு வாசலில் அமர்ந்திருந்த கோலமோ எதிலும் இல்லை. நம்மில் எத்தனை குடும்பங்களின் நிலை இதுதான்!

ஓர் ஊர் எவ்வளவு விரைவில் மாறிவிடும் என்பதைப் புக்கிட் பெலண்டோக் மக்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1998 ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தில் தோன்றிய மூளைக் காய்ச்சல், அவ்வாண்டின் இறுதியில் இவ்வட்டாரத்தையும் பற்றியது. கொசுவினால் பரவும் நோய் என்றே முதலில் கருதப்பட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் அது ஒரு புதிய நச்சுயிரி என்பது தெரியவந்தது. இங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. நாட்டில் 265 பேர் நோயுற்றனர். அவர்களுள் 105 பேர் மாண்டனர். பன்றிப் பண்ணைகள் அழிக்கப்பட்டன. குடும்பங்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறின. அப்படிப் போகும்போது சுவரில் தொங்கிய படங்களை எடுக்க எத்தனை பேருக்கு நேரம் இருந்திருக்கும்?

நோய் வந்தால்தான் ஊர் மாறும் என்பதில்லை. ரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை எழுந்த தோட்டங்கள் பல. வீடமைப்புத் திட்டங்களுக்காக விற்கப்பட்டவையும் பல. லயன் வீடும் பெரட்டுக் களமும் போன இடங்களில் அவற்றின் அடையாளமே இல்லை. ஆகவே, இளைஞர்களே, பூவையும் பூனையையும் படமெடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு பாட்டியின் கைகளையும், தாத்தா வைத்திருக்கும் பழைய உளியையும், கோயிலையும், தமிழ்ப்பள்ளியையும் எடுங்கள். ஒருவரைப் படமெடுக்குமுன் அவருடைய இசைவைக் கேளுங்கள். நல்ல படங்களை அச்சிட்டு, பின்புறத்தில் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் படமும் தொலையும். ஆதலால் உறவினர் வீட்டிலும் ஒரு படி இருக்கட்டும்.

அடுத்து, ரொட்டி கேக் சுடுதல். நம் சமையல் ஆவியும் எண்ணெயும் தோசைக்கல்லும் அறிந்தது; அனலடுப்பு பின்னர் வந்தது. தென்னிந்தியாவில் தலச்சேரியைச் சேர்ந்த மாம்பள்ளி பாப்பு என்பவர் 1883 இல் கிறிஸ்துமஸ் கேக் சுட்டதைப் பெருமையோடு இன்றும் குறிப்பிடுவர். நம் தோட்டங்களிலும் தாய்மார்கள் மேலும் கீழும் தணல் இட்டு, தகர அடுப்பில் தீபாவளிக்குக் கேக் சுட்டதை மறந்துவிடக் கூடாது.

இக்கலை கற்பிக்கும் பாடம் அளவு. மாவு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, சூடு இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று திட்டமாக அறிய வேண்டும். தாள் ரப்பர் செய்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். பாலில் எவ்வளவு ரப்பர் உண்டு என்று அளந்து, அதற்கேற்ப நீரும் அமிலமும் கலந்தால்தான் கட்டி நன்கு அமையும். புகைக்கூண்டில் சூடு மிகுந்தால் தாள் கெடும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த அறிவுதான் மகளின் கேக் தட்டிலும் வேலை செய்கிறது. இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று எவரும் எண்ண வேண்டாம். பினாங்கில் தமிழ் முஸ்லிம் ஆடவர் சுடும் பெங்காலி ரொட்டி நாடறிந்த ஒன்றல்லவா?

விருப்பம் முதிர்ந்தால் அதுவே தொழிலாகலாம். ரொட்டி, கேக் வகைகள் செய்வதற்கான சான்றிதழ்ப் பயிற்சியைச் சமூகக் கல்லூரிகள் வழங்குகின்றன. வீட்டிலிருந்து விற்க விரும்புவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2009 ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவைக் கையாளுவோர் அதற்குரிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, குடும்பப் பயணம். பயணம் என்றவுடன் பெருஞ்செலவு என்று அஞ்ச வேண்டாம். அருகிலுள்ள லுக்குட்டில் ராஜா ஜுமாட் 1847 இல் கட்டிய கோட்டையும் அதனருகே அரும்பொருளகமும் உள்ளன. ஈய வாணிகத்தால் செழித்த ஊர் அது. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனையில் பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. மார்ச் மாதத்தில் அங்கே போனால், சுமத்திராவிலிருந்து கடல் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளைக் கூட்டங் கூட்டமாகக் காணலாம். சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

சற்றுச் சேமித்து, ஆண்டுக்கு ஒரு முறை தொலைவிலும் போகலாம். பேராக் மாநிலத்தின் கோலகங்சாருக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 1877 இல் அங்கே நடப்பட்ட முதல் ரப்பர் கன்றுகளுள் ஒன்று மரமாக இன்றும் நிற்கிறது. நம் பாட்டனையும் முப்பாட்டனையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, நமக்குச் சோறிட்ட மரத்தின் மூதாதை அது. அதன் நிழலில் மூன்று தலைமுறையும் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால், அதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் வேறென்ன இருக்க முடியும்?

பெற்றோர்களே, பொழுதுபோக்குக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. தேர்வுக் காலத்தில் பாடமே முதலாவது. கேக்குக்கும் பயணத்துக்கும் மாதம் இத்தனை வெள்ளி என்று முன்கூட்டியே ஒதுக்குங்கள். அக்கணக்கை எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். அந்த எல்லைக்குள் அவர்கள் மனம்போல் செய்யட்டும். திட்டித் தடுத்தால் பிள்ளை கைப்பேசியோடு அறைக்குள் ஒதுங்கும். உடன் நின்றால் அதே கைப்பேசி குடும்பத்தை ஒன்று சேர்க்கும்.

இறுதியாக, அந்தத் தந்தையைப் பற்றி ஒரு சொல். சென்ற வாரம் அவரை மீண்டும் கண்டோம். விடியற்காலையில் தம்மோடு நிரைக்கு வந்து, தாம் மரம் சீவுவதை மகள் படமெடுத்ததாகச் சொன்னார். "என் முகம் தெரியவில்லை ஐயா, கையும் உளியும்தான் தெரிகின்றன" என்றார். ஆயினும் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

உங்கள் இல்லங்களிலும் அத்தகைய படங்கள் இடம்பெறட்டும்.