கேட்டு வாங்கி வைத்தல்: பைத்தானில் உள்ளீடு

(தூத்துக்குடி மாவட்டக் கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் உள்ளீடு பெறும் பகுதியை நம்மில் பலர் ஒரே பாடவேளையில் முடித்துவிடுகிறோம். மாணவர் பாடநூலில் உள்ள நிரலைத் தட்டச்சு செய்கிறார். பாடநூலில் உள்ள எண்ணையே கொடுத்து, அதே விடையைப் பெறுகிறார். செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. கொடுத்த எண் எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார். இங்கே தெளிவடையாத பிள்ளை, பின்னால் வரும் மடக்கையும் செயற்கூறையும் மனப்பாடமாகத்தான் படிக்கும்.

நம் ஊரில் எண்ணுக்கா பஞ்சம்? கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தாலும் திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். "நேற்று எத்தனை சங்கு, இன்று எத்தனை சங்கு, மொத்தம் எவ்வளவு?" இதுவே போதும்.

கரும்பலகையில் எழுதுங்கள்: நேற்று = இன்புட்("நேற்று எத்தனை? "). அடுத்த வரியில் இன்று என்ற மாறிக்கும் அப்படியே. இன்புட் என்ற சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். மாறியின் பெயர் தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். அடைப்புக்குள் இருப்பது திரையில் தோன்றும் கேள்வி. பயனர் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தும்வரை நிரல் காத்து நிற்கும். வந்த பதிலை, சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ள பெயரில் வைத்துக்கொள்ளும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் பதில் வந்தும் பயனில்லை. ஏலத்தில் கூவிய விலையை யாரும் குறித்துக்கொள்ளாதது போலத்தான்.

இப்போது 35, 40 என்று கொடுத்து இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள். 75 வராது, 3540 வரும். வகுப்பு சிரிக்கும். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள், இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். யாராவது ஒரு பிள்ளை, "ரெண்டையும் ஒட்ட வச்சிருக்கு சார்" என்று சொல்லும். அதுதான் பாடம். இன்புட் எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே தரும். எண்ணாக வேண்டுமென்றால் இன்ட் என்ற செயற்கூறுக்குள் போட்டு எடுக்க வேண்டும். எடை 3.5 கிலோ என்றால் இன்ட் பிழை காட்டும், அதற்கு ஃப்ளோட்.

அடுத்து, பிள்ளைகளைத் தவறாகத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். "முப்பது", "35 சங்கு", "1,200": மூன்றுக்கும் இன்ட் வேல்யூ எரர் காட்டி நின்றுவிடும். 1,200-இல் அந்தக் காற்புள்ளிதான் சிக்கல் என்பதைப் பெரியவர்களே எளிதில் கண்டுபிடிப்பதில்லை. ஆனால் தமிழ் எண்களில் ௩௫ என்று கொடுத்தால் இன்ட் அதை 35 ஆக எடுத்துக்கொள்ளும்! இதை வகுப்பில் செய்து காட்டத் தவறாதீர்கள்.

சங்குத் தொழில் அரசிடம் இருந்த காலத்தில், வந்த சங்கையெல்லாம் அப்படியே கணக்கில் சேர்த்ததில்லை. அளவுகருவியில் பார்த்து, சிறியதைக் கடலுக்கே திருப்பிவிட்டார்கள். உள்ளீட்டைச் சரிபார்ப்பதும் அதே வேலைதான். சங்கின் எண்ணிக்கை -5 என்று வந்தால் இன்ட் மறுக்காது. அது முழு எண்தானே. மறுக்க வேண்டியது நாம் எழுதும் நிபந்தனை. வொய்ல் மடக்கு ஒன்றைப் போட்டு, சரியான எண் வரும்வரை திரும்பக் கேட்க வைக்கலாம். மடக்கு எதற்கு என்று அதன்பின் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

ஆய்வகத்தில் கணினி குறைவு என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அங்கே ஒரு பிள்ளை கணினியாக நிற்கட்டும், இன்னொன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும், மூன்றாவது பிள்ளை பெயர் ஒட்டிய தீப்பெட்டியில் சீட்டை வைக்கட்டும். புதிய சீட்டு வரும்போது பழையதை எடுத்துவிட வேண்டும். மாறியில் பழைய மதிப்பு ஏன் அழிகிறது என்பது அப்போது கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக, நிரலை மூடிவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். நேற்றைய எண்ணை அது மறுபடியும் கேட்கும். "முதல்லயே சொன்னோமே சார்" என்பார்கள். மாறி நினைவகத்தில் இருக்கிறது, நிரல் முடிந்தால் அதுவும் போய்விடும் என்று சொல்லி, கோப்பில் எழுதி வைப்பதை அடுத்த வகுப்பில் தொடங்குங்கள்.